சிகாகோ சிட்டிபாஸில் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டைச் சேர்க்கலாமா? ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கு அது பிடிக்குமா?

கேட்டவர் கொடுத்த விவரம் இது: கணவன், மனைவி, பத்து வயது மகன். புதன் மதியம் சிகாகோ வந்து ஞாயிறு மாலை கிளம்புகிறார்கள். ஊரின் பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டாகக் கிடைக்கும் சிட்டிபாஸ் வாங்கலாம் என்று எண்ணம். ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற கலை அருங்காட்சியகத்துக்குப் பதில், ஊரை உயரத்திலிருந்து பார்க்கும் இன்னொரு கண்ணாடி மாடியையோ படகுச் சவாரியையோ எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார்கள்.

ஆர்ட் இன்ஸ்டிடியூட்டையே எடுங்கள். ஆனால் உங்கள் இருவரின் பாஸில் மட்டும் எடுங்கள், பையனுடையதில் வேண்டாம்.

காரணம் எளிது. 14 வயதுக்குக் கீழே எல்லாருக்கும் அங்கே நுழைவு இலவசம். நான் வாங்கியபோது சிட்டிபாஸில் மொத்தம் ஐந்து இடங்கள். ஷெட் மீன் காட்சியகமும் வில்லிஸ் டவரின் உச்சிமாடியான ஸ்கைடெக்கும் எல்லாருக்கும் பொது, மீதி மூன்றை ஒரு பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். பையனுடைய மூன்றில் ஒன்றை, சும்மாவே விடுகிற இடத்துக்குச் செலவழிப்பானேன்? அவனுக்கு ஃபீல்டு மியூசியத்தின் டைனோசரைக் கொடுங்கள். பெரியவர்கள் கதை வேறு. வெளி மாநிலத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் பெரியவர்களுக்கு வாசலில் தலைக்கு 32 டாலர் கேட்டார்கள். அந்தப் பட்டியலில் பாஸின் காசை நன்றாக வசூலித்துத் தரும் இடங்களில் இதுவும் ஒன்று.

பாஸே வேண்டுமா என்பதற்கு, ஐந்து இடங்களுக்கும் நீங்கள் உண்மையிலேயே போவீர்களா என்று முதலில் பாருங்கள். போவீர்கள் என்றால் லாபம்தான். மூன்றே இடம் போதும் என்றால் தனித்தனி டிக்கெட்டின் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதல் இடத்தில் நுழைந்த நாளிலிருந்து ஒன்பது நாள் வரை பாஸ் செல்லும், அதனால் எல்லாவற்றையும் இரண்டு நாளில் அடித்துப்பிடித்து முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பாஸ் கைக்கு வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். காலை மீன், மதியம் ஓவியம், சாயங்காலம் உச்சிமாடி என்று ஒரே நாளில் மூன்றை அடுக்குவார்கள். மற்ற இடங்கள் அதைத் தாங்கும். ஸ்கைடெக்கில் வரிசையைக் கழித்தால் பார்ப்பதற்கு முக்கால் மணி நேரம் போதும். ஆர்ட் இன்ஸ்டிடியூட் தாங்காது. அதற்கு முழுசாக நாலு மணி நேரம் கொடுக்க முடியாதென்றால் தயங்காமல் படகுச் சவாரியை எடுத்துவிடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது கிழமை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அங்கே விடுமுறை. மற்ற நாட்களில் காலை 11 முதல் மாலை 5 வரை. வியாழன் மட்டும் இரவு 8 வரை திறந்திருக்கும். நீங்கள் வருகிற கணக்குக்கு வியாழன் மூன்றரை, நாலு மணிக்குள் நுழைவதுதான் சரி. பள்ளிக் குழந்தைகள் கூட்டம் போயிருக்கும், ஐந்து மணிக்கு மேல் புகழ்பெற்ற படங்களுக்கு முன்னாலும் நிற்க இடம் கிடைக்கும். அன்று காலை ஷெட்டுக்குப் போகலாம். அங்கே பாஸ் இருந்தாலும் நேரத்தை முன்பதிவு செய்தாக வேண்டும், அதை ஊரிலிருந்தே செய்துவிடுங்கள்.

இனி உள்ளே.

மிச்சிகன் அவென்யூ பக்கத்து வாசல் வழியாகப் போங்கள். இரண்டு வெண்கலச் சிங்கங்கள் 1894 முதல் அங்கே காவல் நிற்கின்றன. ஊர் அணி ஏதாவது பெரிய கோப்பைக்கு மோதியபோது அவற்றின் தலையில் ஹெல்மெட்டோ தொப்பியோ மாட்டிவிட்டதுண்டு. பையனுக்குச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு உள்ளே வர அடம் பிடிக்க மாட்டான்.

இந்தக் கட்டடத்தை நம்மில் பலர் பெயர் தெரியாமலே பள்ளியிலிருந்து கேள்விப்பட்டிருக்கிறோம். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசிய சர்வ சமயப் பேரவை நடந்தது இங்கேதான். சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் பணம் திரட்டி, அனுப்பிவைத்த பயணம் வந்து சேர்ந்த இடம். அன்றைய தற்காலிக மண்டபங்கள் இப்போது இல்லை. ஃபுல்லர்டன் அரங்கின் பக்கம் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. நடுவில் உள்ள பெரிய படிக்கட்டைப் பாருங்கள். மும்பைக் கலைஞர் ஜித்திஷ் கல்லாட், 2010 செப்டம்பர் 11 அன்று தொடங்கிய தன் படைப்பில் அந்த உரையின் சொற்களை இதே படிகளின் முகப்பில் மின்விளக்கு எழுத்துகளாக ஒளிரவிட்டார். அமெரிக்க அரசு பயங்கரவாத எச்சரிக்கைக்குப் பயன்படுத்திய ஐந்து நிறங்களில் அந்த எழுத்துகள். மத வெறிக்கு எதிரான பேச்சு, 108 ஆண்டு கழித்து அதே தேதியில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தது, இரண்டையும் ஒரு படிக்கட்டில் ஏற்றிவிட்டார். அது இப்போது அங்கே இல்லைதான். ஆனாலும் அந்தப் படியில் ஏறும்போது எனக்கு அந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

மாடிக்குப் போவதற்கு முன் கீழ்த்தளத்திலேயே நேராக உள்ளே நடந்து இந்திய, தென்கிழக்காசியக் கலைக்கூடத்துக்குப் போய்விடுங்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். வந்து போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் இதை நவீனப் பகுதிக்குப் போகும் நடைவழி என்று நினைத்து வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். ரயில் பாதைக்கு மேலே பாலம் போல நிற்கும் நீண்ட கூடம் அது. ஜன்னல் வழியே கீழே தண்டவாளம் தெரியும். அங்கே நாகப்பட்டினத்துப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். 12ஆம் நூற்றாண்டு, சோழர் காலம், கருங்கல், உயரம் 160 செ.மீ. உச்சந்தலையில் சுடர், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள். தோள் அகலத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் பக்கவாட்டில் நகருங்கள். முன்னாலிருந்து தூண் மாதிரி கனமாகத் தெரிந்த உடம்பு, பக்கவாட்டில் மூச்சை இழுத்துப் பிடித்திருப்பது போல மாறும்.

நாகப்பட்டினத்தில் புத்தர் எப்படி என்று பையன் கேட்டால் பதில் இருக்கிறது. ராஜராஜன் காலத்தில் சுமத்ராப் பக்கத்து ஸ்ரீவிஜய அரசர் அங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்டினார், அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருமானத்தைச் சோழ அரசு எழுதிவைத்தது. அதைச் சொல்லும் செப்பேடுகள் பின்னாளில் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. சிலை ஒரு கண்டத்துக்கு, சாசனம் இன்னொரு கண்டத்துக்கு.

அதே கூடத்தில் சோழர் கால நடராஜர் செப்புத் திருமேனியும் இருக்கிறது. ஏறக்குறைய 70 செ.மீ. உயரம்தான். கோயிலில் நாம் பார்ப்பது பட்டும் பூவும் சாத்திய உற்சவரை. இங்கே அலங்காரமே இல்லாமல், தூக்கிய காலின் கீழ்ப்பக்கம் வரை பார்க்கலாம். எனக்கு அதில் மகிழ்ச்சியும் உறுத்தலும் சேர்ந்தே வந்தன. அந்த உறுத்தலில் நியாயம் இல்லாமலும் இல்லை. இந்தக் கூடத்துக்குப் பெயர் கொடுத்த ஆல்ஸ்டார்ஃப் குடும்பம் வழங்கிய ஒரு நாக புத்தர் சிலையை, திருடப்பட்டது என்று தெரிந்து 2025இல் இந்த அருங்காட்சியகமே நேபாளத்துக்குத் திருப்பி அனுப்பியது. விளக்க அட்டைகளில் எங்கிருந்து, யார் மூலம், எந்த ஆண்டு வந்தது என்று எழுதியிருப்பதையும் படித்துக்கொண்டே போங்கள்.

ஓவியம் தெரியாது என்ற பயத்துக்கு மருந்து மாடியில் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் சோராவின் 'லா கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு மதியம்', 1884 முதல் 1886 வரை வரைந்தது. இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். முதலில் அறையின் எதிர்ச் சுவர் வரை பின்னால் போய் நில்லுங்கள். ஆற்றங்கரை, குடை, நாய், கயிற்றில் கட்டிய குரங்கு, எல்லாம் சிலை போல அசையாமல் தெரியும். நடுவில் வெள்ளைச் சட்டைச் சிறுமி ஒருத்தி நேராக நம்மைப் பார்ப்பாள். பிறகு மெதுவாகக் கிட்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் புல்லும் இல்லை, பாவாடையும் இல்லை, வெறும் புள்ளிகளும் சின்னச் சின்னத் தீற்றல்களும்தான். ஊதாவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, நீலத்துக்குள் சிவப்பு. இதை ரசிக்க எந்தப் படிப்பும் தேவையில்லை, கால் இருந்தால் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். வெயில் படும் புல்லில் மங்கலான பழுப்புப் புள்ளிகள் தெரியும். வரைந்தபோது அவை பளிச்சென்ற மஞ்சள். அவர் பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளிலேயே நிறம் மாறிவிட்டது. 1958இல் இந்தப் படம் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றுக்கு இரவலாகப் போயிருந்தபோது அங்கே தீப்பிடித்தது. படம் தப்பியது. அதற்குப் பிறகு இதை வெளியே அனுப்புவதே இல்லை, எனவே போகிற நாளில் இருக்குமோ இருக்காதோ என்ற கவலை வேண்டாம். மற்ற புகழ்பெற்ற படங்கள் அவ்வப்போது வெளியூர் போகும். ஏதாவது ஒன்றுக்காகவே போகிறீர்கள் என்றால் அவர்களின் இணையதளத்தில் காட்சியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடியிலேயே ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்' உண்டு. இரவு உணவகத்தில் நாலு பேர். உள்ளே போகத் தெருப்பக்கம் கதவே வரையவில்லை என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு கவனியுங்கள். கிராண்ட் வுட்டின் 'அமெரிக்கன் காதிக்' படத்தில் முள்கவையுடன் நிற்பவர் நிஜத்தில் விவசாயி அல்ல, ஓவியரின் பல் மருத்துவர். பக்கத்தில் நிற்பது ஓவியரின் தங்கை. வான்கோவின் படுக்கையறை, மோனேயின் வைக்கோல்போர்கள் இரண்டையும் போகிற வழியில் பார்த்துவிடலாம். பிக்காசோவின் நீலநிற முதியவரைத் தேடி நவீனப் பகுதியின் மூன்றாம் மாடிக்கு ஏறுவது உங்கள் கால்வலியைப் பொறுத்தது.

பையன் முனக ஆரம்பித்ததும் அடித்தளத்துக்கு இறங்குங்கள். தார்ன் குறு அறைகள் மொத்தம் 68, எல்லாம் நிஜ அறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. விரல் நீள நாற்காலி, நகத்தளவு புத்தகம், ஜன்னலுக்கு வெளியே பொய்த் தோட்டத்தில் விழும் பொய் வெயில். என்னுடன் வந்த அக்கா மகள் அங்கிருந்து நகர மறுத்துவிட்டாள்.

முதுகுப் பையை நுழைந்ததும் கொடுத்துவிடுங்கள், தோளில் மாட்டிக்கொண்டு அறைகளுக்குள் விட மாட்டார்கள். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். சிறப்புக் கண்காட்சி எதற்காவது தனி டிக்கெட் என்றால் பாஸில் அது சேருமா என்று வாசலிலேயே கேளுங்கள். சேராவிட்டால் விட்டுவிடுங்கள், நிரந்தரக் காட்சிக்கே நாலு மணி நேரம் பற்றாது. வெளியே வரும்போது மன்ரோ தெருப் பக்கத்து வாசலைப் பிடித்தால் எதிரே மில்லேனியம் பூங்கா. அங்கே சிற்பி அனிஷ் கபூரின் எஃகு மேகத்தைப் பார்க்கப் பாஸும் வேண்டாம், காசும் வேண்டாம்.