யாழ்ப்பாணத்தில் இளைஞர் தொழில்வாய்ப்புக்காக அரச கொள்கையை மாற்றும் வேலை எப்படிப்பட்டது?

கேட்கப்பட்டது: யாழ் மாவட்டத்தில் 18 முதல் 29 வயது வரையானவர்களின் தொழில், வருமானம் தொடர்பான அரச விதிகளையும் ஒதுக்கீடுகளையும் மாற்றும் வேலையில் சேர விரும்புகிறேன். உள்ளே என்ன நடக்கும், எதைத் தெரிந்திருக்க வேண்டும்?

பெரும்பாலான நாள்கள் கோப்பு, கடிதம், தொலைபேசி என்றுதான் போகும். மேடைப் பேச்சு மிகக் குறைவு. "இளைஞருக்கு வேலை கொடுங்கள்" என்ற மனு எந்த மேசையிலும் நிற்காது, அதை நிறைவேற்றக்கூடிய ஒற்றை அலுவலர் எங்கும் இல்லை. அதையே "நெடுந்தீவுப் பயிற்சியாளருக்கு நகரில் விடுதி வசதி" என்று சுருக்கினால், பதில் சொல்ல வேண்டிய ஓர் அமைச்சும் அதற்கான செலவினத் தலைப்பும் கிடைத்துவிடும். கோரிக்கையை இந்த அளவுக்குச் சுருக்குவதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி.

அதிகாரம் யாரிடம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை, தொழில் பழகுநர்களுக்கான நைற்றா, தொழில்நுட்பக் கல்லூரி, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் எல்லாம் மத்திய அரசின் கீழ். அவற்றின் பாடநெறிக்காக ஆளுநரிடம் மனுக் கொடுத்தால் ஒரு பரிந்துரைக் கடிதம் வரும், அவ்வளவுதான். கூட்டுறவும் உள்ளூராட்சியும் மாகாணத்தின் கையில். ஆனால் வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு நியதிச்சட்டம், அதாவது மாகாணச் சட்டம், இயற்றச் சபை இல்லை. ஆகவே மாகாணத்திடம் சுற்றறிக்கையாலும் ஒதுக்கீட்டாலும் முடிகிறதை மட்டும் கேளுங்கள்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் தீர்மானம் வந்ததும் பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். புதிதாக நிதி ஒதுக்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு இல்லை. கூட்டக் குறிப்பின் பிரதியைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எடுத்து, சம்பந்தப்பட்ட திணைக்களம் அதை அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் சேர்த்ததா என்று துரத்த வேண்டும். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, பாதீட்டு உரை வழக்கமாக நவம்பரில். அமைச்சுகள் கணக்குப் போடுவது ஆடி, ஆவணியில். நவம்பரில் கொண்டுபோகும் நல்ல ஆவணத்தைவிட ஆனியில் கொண்டுபோகும் சுமாரான ஆவணத்துக்குப் பலன் அதிகம்.

அடுத்து எண்கள். தொழிற்படை அளவீட்டில், அந்த வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் தொழிலில் உள்ளவராகவே கணக்கிடப்படுவார். வேலை தேடுவதையே விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை வேலையற்றவர் பட்டியலில் வரமாட்டார். எனவே வேலையின்மை வீதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனால், "குறைவாகத்தானே இருக்கிறது" என்று அலுவலர் கோப்பை மூடிவிடுவார். இளம் பெண்களின் தொழிற்படைப் பங்கேற்பு வீதத்தை, அதாவது வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த பங்கை, பக்கத்தில் வையுங்கள். மாவட்ட மட்டத்தில் வயதுவாரியாகப் பிரித்தால் மாதிரி சிறுத்துவிடும், அந்த எண்ணில் வாதத்தைக் கட்ட வேண்டாம்.

உள்ளூர்த் தரவுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாள்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. "ஏன் பிள்ளைகள் இடைவிலகுகிறார்கள்?" என்று கேட்டால் "அப்படியான பதிவு இல்லை" என்று வரும். இருக்கிற பதிவைக் கேளுங்கள்: பாடநெறிவாரியாகச் சேர்ந்தோர், முடித்தோர், என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் பெற்றோர், அவர்களின் பிரதேச செயலகப் பிரிவு.

பிரதேச செயலகப் பிரிவு என்ற அந்தக் கடைசி விவரம்தான் பேசும். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள். இடைவிலகியோர் மருதங்கேணிப் பக்கம் குவிந்திருந்தால், வகுப்பு முடியும் நேரத்தையும் அந்தப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸின் நேரத்தையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டும் முட்டினால், வகுப்பை அரை மணித்தியாலம் முன்னதாகத் தொடங்கும்படி நிலையப் பொறுப்பதிகாரியிடம் கேட்கலாம், அதற்கு ஒரு சதமும் செலவில்லை. பஸ் நேரத்தையே மாற்ற வேண்டுமென்றால் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் டிப்போ ஒரு பக்கம், தனியார் பஸ்களுக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தனித்தனிக் கடிதம் வேண்டும். நெடுந்தீவுக்கு இந்த வழி சரிவராது: குறிகட்டுவானிலிருந்து படகு பிடிக்கிற பிள்ளைக்கு விடுதிதான் தீர்வு.

எல்லாவற்றுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கிற சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்வதும் கொள்கை வேலைதான், யாழ் நகரக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்கு அதுதான் உடனடிப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. அதற்கு மேலாக, முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், அதாவது 3,600 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 900 ரூபாவும் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். "பயிற்சிக் காலம் முடியட்டும்" என்று மூன்று வருடம் கட்டாமல் இழுத்தடித்தால், வட்டியைச் சேர்க்காமலே அந்தப் பிள்ளை இழப்பது 1,62,000 ரூபா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு. தனி ஆளாக முறையிட்டால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதனால் பெயர்களை வெளியிடாமல், வீதி வீதியாகக் கடைகளைச் சோதிக்கும்படி தொழில் திணைக்களத்திடம் கேட்பதுதான் பாதுகாப்பு.

பிள்ளைகளைக் கூட்டத்துக்கு அழைத்துப்போய்க் கண்ணீர்க் கதை சொல்ல வைக்காதீர்கள். அவர்களைக் கோரிக்கையை எழுதும் இடத்தில் இருத்துங்கள். எந்த நிபந்தனை உதவாது என்பதை அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பட்டத்தைவிட எழுத்து மாதிரிக்கு மதிப்பு அதிகம். ஒரு பிரச்சினை, அதன் தரவு, பொறுப்பான அலுவலகம், கேட்கும் மாற்றம், செலவு என்று இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி இணையுங்கள். கொழும்பு அமைச்சுகளுக்குத் தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு, ஆனாலும் சிங்களப் பிரதியும் சேர்த்து அனுப்பினால் மொழிபெயர்ப்புக்காகக் கோப்பு கிடந்து இழுபடாது. சிங்களம் வாசிக்கத் தெரிந்தால் விண்ணப்பத்தில் மேலேயே எழுதுங்கள்.