வட்டியில்லாத் தவணையில் ட்ரெட்மில் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46, எடை 92 கிலோ. தினமும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டிலேயே ட்ரெட்மில் போட்டுவிடலாம் என்று இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றைக் கையில் இருக்கும் பணத்திலேயே வாங்கிவிடலாம். இன்னொன்று இரு மடங்கு விலை. ஆனால் 12 மாத வட்டியில்லாத் தவணையில் தருகிறார்கள். நானும் மனைவியும் நடப்போம், 19 வயது மகன் ஓடுவான். எதை வாங்குவது?

பதில்: 'வட்டியில்லா' என்ற சொல்லை முதலில் உரசிப் பார்த்துவிடுவோம். அதே கடையில், "முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். 100 விலையுள்ள பொருளை 92க்குத் தருகிறேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தவணையில் வாங்கினால் அந்த 8 உங்களுக்குக் கிடைக்காது. அதுதான் வட்டி. சரி, 8 சதவீதம்தானே என்று விட்டுவிட முடியாது. மாதாமாதம் கட்டக் கட்டக் கடன் கரைகிறது அல்லவா? வருடம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், சராசரியாகப் பாதித் தொகைக்குத்தான் நீங்கள் கடனாளி. அந்தக் கணக்கில் ஆண்டு வட்டி 15 சதவீதத்தைத் தாண்டிவிடும். பரிசீலனைக் கட்டணம் என்று ஏதாவது பிடித்தால் அது தனி. கடைக்காரர் ஒரு காசும் குறைக்க மாட்டார், கட்டணமும் கிடையாது என்றால் மட்டுமே அது உண்மையில் வட்டியில்லாத் தவணை.

அப்புறம், அந்த இரு மடங்கு விலை யாருக்காக? உங்கள் கடிதத்தைப் படித்தவரை, மகனுடைய ஓட்டத்துக்காக. நடப்பதற்கு 2 குதிரைத்திறன் மோட்டாரும் 120 சென்டிமீட்டர் நீளப் பெல்ட்டும் போதும். ஓடும்போது காலடி நீளமாக விழும். 140 சென்டிமீட்டராவது வேண்டும், மோட்டாரும் 3 குதிரைத்திறன் இருந்தால்தான் திணறாது. விலை அங்கேதான் எகிறுகிறது. 19 வயதுப் பையனால் வெளியே போய் ஓட முடியுமென்றால் ஓடட்டுமே. ஓட்டத்துக்கு ஏற்ற இயந்திரத்துக்குக் கடன் வாங்குவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. ஆனால் நடைக்கான இயந்திரத்தில் அவனும் ஏறி ஓடுவான் என்றால், மலிவானதை வாங்காதீர்கள். சீக்கிரமே மோட்டார் சூடேறிப் படுத்துவிடும், போட்ட பணம் முழுக்க நட்டம்.

குதிரைத்திறனிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் 'பீக்' அளவு, அதாவது மோட்டார் சில நொடிகள் மட்டும் தம் கட்டித் தரும் உச்சம். நீங்கள் கேட்க வேண்டியது 'கன்டினியூவஸ்' அளவு, அதாவது மோட்டார் நிற்காமல் தொடர்ந்து தரும் திறன். தாங்கும் எடையும் அப்படித்தான். 100 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பது உங்கள் 92க்குப் பக்கத்தில் இருக்கிறது, வேண்டாம். குறைந்தது 115, 120 கிலோ இருக்கட்டும். வாரண்டியில் மோட்டாருக்கு எத்தனை வருடம் என்பதைவிட, கன்ட்ரோல் போர்டுக்கும் (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை) வேலைக்கூலிக்கும் எத்தனை வருடம் என்று பாருங்கள். செலவு வைப்பது அவைதான்.

நானே ஒரு பழைய இயந்திரம் பார்க்கப் போன கதையைச் சொல்கிறேன். விற்றவர் வாங்கி 14 மாதம் ஆகியிருந்தது. சில மாடல்களில் இதுவரை ஓடிய மொத்தத் தூரத்தைத் திரையில் வரவழைக்கலாம். பொத்தானை அழுத்தினேன், 61 கிலோமீட்டர் என்று காட்டியது. மணிக்கு 5 கிலோமீட்டர் நடை என்றால், 12 மணி நேரம்! கொடுத்த விலையை 12ஆல் வகுத்துப் பார்த்து இருவரும் சிரித்துவிட்டோம். பாதி விலைக்கும் குறைவாகவே தந்தார். பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் விரலை ஓட்டினேன், சிலிகான் எண்ணெய்ப் பசை இருந்தது. வறண்டு போய்க் கருப்புத் தூள் ஒட்டியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். பெல்ட்டும் பலகையும் தேய்ந்திருக்கிறது, மோட்டாரும் இழுத்து இழுத்துக் களைத்திருக்கும் என்று அர்த்தம்.

அதனால் என் யோசனை இது. மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். கட்டவிருந்த தவணைத் தொகையை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். அதே மூன்று மாதமும் வீட்டைச் சுற்றியோ மொட்டைமாடியிலோ நடங்கள். நடந்த நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். மருத்துவர் சொன்ன நடையை இயந்திரத்துக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. வாரத்துக்கு 5 வட்டம் தேறினால், கைப்பணத்தோடு இந்தச் சேமிப்பையும் சேர்த்து, நல்ல மோட்டார் உள்ள நடை இயந்திரத்தை ரொக்கத்தில் பேரம் பேசி வாங்குங்கள். அதிகம் உழைக்காத பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. வட்டங்கள் 2, 3 என்று இளைத்தால் பணம் உங்களிடமே இருக்கும். அவசரகாலக் கையிருப்பு மட்டும் இந்தக் கணக்கில் வர வேண்டாம், அதைத் தொடாதீர்கள்.

மின்சாரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம், ஒரு மணி நேர நடைக்குப் பொதுவாக ஒரு யூனிட்கூட ஆகாது. இடத்தைத்தான் அளக்க வேண்டும். தடுமாறினால் பெல்ட் உங்களைப் பின்னால் தள்ளும், சுவரில் போய் மோதக்கூடாது. இயந்திரத்துக்குப் பின்னே 2 மீட்டர் காலியாக விட முடியுமா என்று இன்றைக்கே டேப் வைத்துப் பாருங்கள்.