வாசகர் கேள்விகள்: கொல்லைத் தேன் ஏன் புளித்தது?

கேள்வி (மொரீஷியசின் க்யூர்பீப் வாசகி): எங்கள் கொல்லையில் ஒரு தேன்பெட்டி வைத்திருக்கிறேன். சென்ற செப்டம்பரில், சுற்றுப்புற லிச்சி மரங்கள் பூத்துக் குலுங்கியபோது, பெட்டியின் மேலடுக்கான தேன் அறையில் தேனடை கட்டியிருந்த எட்டுச் சட்டங்களையும் எடுத்துத் தேன் பிழிந்தேன். தைப்பூசக் காவடி அபிஷேகத்துக்கென்று ஒதுக்கிய பாட்டில்களைத் திறந்தபோது தேன் நுரைத்துப் புளித்திருந்தது. ஒரு துளித் தண்ணீரும் கலக்கவில்லையே, ஏன் இப்படி ஆயிற்று?

பதில்: நீங்கள் கலக்காத தண்ணீர் தேனுக்குள்ளேயே இருந்ததம்மா. பூவிலிருந்து தேனீ உறிஞ்சி வரும் மதுரத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை அவை வாய்க்கு வாய் மாற்றி, தேனடையின் சிற்றறைகளில் மெல்லிய படலமாகப் பரப்பி, இரவெல்லாம் சிறகால் விசிறி வற்றவைத்து, ஈரம் ஏறத்தாழ 18 விழுக்காட்டுக்கு இறங்கிய பிறகே அறையின் வாயை மெழுகால் மூடுகின்றன. ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டிய தேனில், பூவிலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்த ஈஸ்ட் நுண்ணுயிர்கள் பெருகிச் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். பாட்டிலில் நீங்கள் கண்ட நுரை அந்த வாயுதான்.

மரம் பூத்துக்கொண்டிருக்கும்போது பெட்டியில் புதிய மதுரம் நாள்தோறும் வந்து சேர்கிறது. அந்த நேரத்தில் எட்டுச் சட்டத்தையும் எடுத்தால் பழுத்ததும் காயும் ஒன்றாகவே வரும். அதிலும் உங்கள் ஊர் நடுமேட்டு நிலம். மேற்குக் கடற்கரையில் வெயில் காய்கிற நாளிலும் க்யூர்பீப்பில் தூறல் நிற்பதில்லை என்பது நீங்கள் அறிந்ததே. காற்றே நனைந்திருக்கும்போது தேனீ எவ்வளவு விசிறினாலும் ஈரம் இறங்க நாளாகும். ஆகவே நாட்காட்டியைப் பார்க்காமல் அடையைப் பாருங்கள். ஒரு சட்டத்தில் முக்கால் பங்குக்கு மேல் மெழுகு மூடியிருந்தால் அதை எடுக்கலாம். ஐயம் இருந்தால் சட்டத்தைப் பெட்டிக்கு நேர் மேலே படுக்கைவாட்டில் பிடித்துச் சட்டென்று ஓர் உதறு உதறுங்கள். மூடாத அறைகளிலிருந்து துளி தெறித்தால் அது இன்னும் மதுரம்தான், திரும்ப வைத்துவிடுங்கள். முதல் ஆண்டில் நானும் இந்த உதறலைச் சோம்பலில் விட்டுவிட்டு, சமையலறை அலமாரியில் ஒரு பாட்டிலின் மூடி தானே எழும்பியதைக் கண்டு விழித்தவன்தான்.

எடுத்த பின்னும் கவனம் வேண்டும். திறந்து வைத்த தேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், மழையில்லாத நாளில், அடைத்த அறையில் பிழிந்து வடிகட்டி, நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் அன்றைக்கே மூடிவிடுங்கள். புளித்த தேனைத் தேனீக்களுக்குத் தீனியாக வைக்க வேண்டாம், அவற்றுக்கு வயிற்றுப்போக்கு வரும்.

கேள்வி (ரோஸ் ஹில் வாசகர்): தேன் பிழியும் இயந்திரம் என்னிடம் இல்லை. சுவரை ஒட்டியே அடுத்த வீடு. யாரையும் கொட்டவிடாமல் இரண்டு மூன்று சட்டங்களை மட்டும் எடுக்க வழி உண்டா?

பதில்: இரண்டு மூன்று சட்டங்களுக்காக இயந்திரம் வாங்குவது வீண் செலவு. அடையை வெட்டி எடுத்து, கையால் நொறுக்கி, மெல்லிய துணியில் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டால் தேன் தானே வடிந்துவிடும், மெழுகும் கையில் மிஞ்சும். இதில் ஓர் இழப்பு உண்டு. தேனீக்கள் அந்த அடையை மீண்டும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருப்பதால் அடுத்த தேன் தாமதமாகும்.

பக்கத்து வீட்டாரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். வெயில் தெளிந்த நாளில், காலை பத்து மணிக்கு மேல் பெட்டியைத் திறந்தால், வயது முதிர்ந்த தேனீக்களில் பெரும்பாலானவை இரை தேடி வெளியே போயிருக்கும். கொட்டும் குணம் மிகுந்தவை அவைதாம். வாசலில் இரண்டு மூன்று முறை குளிர்ந்த வெண்புகை ஊதிச் சற்றுப் பொறுங்கள். புகை, ஆபத்தை அறிவிக்கும் அவற்றின் மணத்தை மறைப்பதோடு, கூட்டை விட்டுப் போக நேருமோ என்று அவற்றைத் தேன் குடிக்கவும் வைக்கிறது. அந்த எச்சரிக்கை மணம் வாழைப்பழ வாசனையை ஒத்தது. ஆகவே அன்று காலை வாழைப்பழம் தின்றுவிட்டுப் பெட்டியருகே போவது நல்லதல்ல. கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு நொடியும் நஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ கண்டால் மருத்துவமனைக்கே போக வேண்டும்.

கேள்வி (த்ரியோலே வாசகர்): பெட்டியில் உள்ள தேன் முழுவதையும் எடுக்கலாமா? தேனீக்களைத் தாக்கும் உண்ணிக்கு, மருந்து தோய்ந்த பட்டைத் துண்டை உள்ளே வைத்திருக்கிறேன்.

பதில்: பட்டை பெட்டிக்குள் இருந்தபோது தேன் அறையும் மேலே இருந்திருந்தால், அந்தத் தேனை உண்ணவோ கொடுக்கவோ வேண்டாம். வரோவா உண்ணி 2014-இல் மொரீஷியசில் கண்டறியப்பட்டதிலிருந்து மருந்து தவிர்க்க முடியாததாகிவிட்டது, ஆனால் தேன் அறையை இறக்கிய பிறகே பட்டை வைப்பது முறை. கீழே, தேனீப் புழுக்கள் வளரும் புழு அறையில் உள்ள தேனில் கை வைக்காதீர்கள். புயல் அடித்தால் ஒரே இரவில் தீவின் பூக்கள் அத்தனையும் உதிர்ந்துவிடும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி வந்தால் மறுபடி பூக்கும் வரை தேனீக்களுக்கு அந்தத் தேன்தான் சோறு. பேரக்குழந்தைக்கு ஒரு வயது நிறையவில்லையென்றால், எவ்வளவு நல்ல தேனானாலும் நாவில் தடவக் கூடாது.