பிப்ரவரியில் கூவிய ஃபீபி

ஐயா, மிச்சிகனில் வசிக்கிறேன். பிப்ரவரிக் கடைசியில், பனி குவிந்து கிடந்த எங்கள் கொல்லையில் ஒரு பறவை ‘ஃபீ-பீ’ என்று தெளிவாகத் தன் பெயரையே சொன்னது. ஃபீபி, பீவீ இரண்டும் ஈப்பிடிப்பான்கள் என்று படித்தேன். குரலே பெயரான இவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டது ஃபீபி இல்லை. பூச்சியை நம்பிப் பிழைக்கும் ஜீவன் அந்தப் பனியில் எதைத் தின்னும்? அது தெற்கே போய்விட்டு மார்ச் வாக்கில்தான் உங்கள் ஊருக்குத் திரும்பும். உங்களை ஏமாற்றியது சிக்கடி என்ற சிறு பறவை. குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடக்கும் கருந்தொப்பிக்காரன். பகல் நீளத் தொடங்கியதும் சீட்டியடிப்பதுபோல் ‘ஃபீ-பீ’ என்று இழுப்பான். அசல் ஃபீபிக்குக் கரகரத்த குரல், சளி பிடித்தவர் அவசரமாகப் பெயர் சொல்வதுபோல. ஆளைப் பார்க்காமலே பெயர்சூட்டு விழாவா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். பென்சில்வேனியாவில் மகள் வீட்டு வாசல் விளக்கின்மேல் ஃபீபி ஒன்று சேறும் பாசியும் குழைத்துக் கூடு கட்டியிருந்தது. கதவைத் திறந்தால் வேலிக்குப் பறந்துபோய் உட்கார்ந்து, வாலைத் தாழ்த்தித் தாழ்த்தி ஆட்டும். குஞ்சு பறக்கும்வரை நாங்கள் எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தோம். “ஃபீபின்னு சொல்லுது தாத்தா” என்பாள் பேத்தி. எனக்கோ ‘வீ-ப்ரிர்’ என்றுதான் விழுந்தது. அவள் வகுப்பில் ஒரு ஃபீபி இருந்தாள், அவ்வளவுதான் விஷயம். ஆங்கிலக்காரர்களும் இதையேதான் செய்தார்கள். பறவை போட்ட சத்தத்தை, தங்களுக்குப் பழகிய கிரேக்கப் பெண்பெயரின் எழுத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். பறவை தன் பெயரைச் சொல்கிறது என்று தயவுசெய்து இன்னொரு முறை எழுதாதீர்கள். பெயர் நம் காதில் இருக்கிறது.

ஃபீபிக்குத் தன் பாட்டைக் கேட்டுப் பழக வேண்டிய அவசியம்கூட இல்லை. பறவைப் பாட்டை ஆராய்ந்த க்ரூட்ஸ்மாவும் கொனிஷியும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், செவிப்புலன் நீக்கப்பட்ட ஃபீபிக் குஞ்சுகள் வளர்ந்து அதே பாட்டைப் பிசகில்லாமல் பாடின. கேட்டுக் கற்க வேண்டியது நாம்தான்.

பீவீயா? அது மே மாதத்தில் வரும், மரத்தின் மேலிருந்து ‘பீ-அ-வீ’ என்று சோம்பலாக இழுக்கும். அப்போது பார்த்துக்கொள்ளலாம். தமிழ்ப் பெயருக்கும் ஒன்றும் அவசரமில்லை.

மார்ச் கடைசியில் ஓடைப் பாலம் ஏதாவது ஒன்றின் பக்கம் போய் நில்லுங்கள். வாலாட்டும் ஒன்று கண்ணில் படும். காதில் விழுந்ததை அப்படியே எழுதி அனுப்புங்கள். ஃபீபி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.