செய்தியாளரின் கண்ணில் படும்படி தன்குறிப்பை எழுதுவது எப்படி?

தொழில்முறைத் தன்குறிப்பை எப்படி எழுதினால் செய்தியாளர்கள் தேடி வருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தியாளர் அதை வாசிப்பது உங்களைப் பாராட்டுவதற்காக அன்று. தம் கட்டுரையில் உங்களை எப்படி அறிமுகப்படுத்தலாம், எந்தப் பொருள் பற்றி உங்களிடம் கருத்துக் கேட்கலாம் என்ற இரண்டையும் அறிந்துகொள்ளத்தான். ஆகவே முதல் வாக்கியத்திலேயே அவ்விரண்டும் இருக்க வேண்டும். ‘பன்முகத் திறமை கொண்ட, ஆர்வமிக்க மருத்துவ வல்லுநர்’ என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ‘குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைக் கோளாறுகளுக்கு 14 ஆண்டுகளாகச் சிகிச்சை அளித்துவரும் கண் மருத்துவர்’ என்று எழுதினால், அந்தத் தொடரை அப்படியே எடுத்துத் தம் செய்தியில் பொருத்திக்கொள்ளலாம். இதனால்தான் குறிப்பைப் படர்க்கையில் எழுதச் சொல்கிறேன். ‘நான்’ என்று தொடங்கினால் அவர் ஒவ்வொரு வரியையும் மாற்ற வேண்டியிருக்கும், நேர நெருக்கடியில் அதற்குப் பொறுமை இராது. 50 சொற்களில் ஒன்று, 150 சொற்களில் ஒன்று என இரு வடிவங்கள் போதும். விருதுகளை அடுக்குவதைவிட, எவரும் சரிபார்க்கக்கூடிய ஒரேயொரு தகவல் அதிக நம்பிக்கை தரும் என்பது என் உறுதியான எண்ணம். பெயரை உச்சரிக்கும் முறையையும் (வானொலியில் பேசுவோருக்கு இது பேருதவி), விரைவில் பதில் கிடைக்கும் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் இறுதியில் சேருங்கள். பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.