ஏழு முறை வரைந்த கை

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தையும், மகளுடைய நோட்டில் இருந்து நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பிய பக்கங்களையும் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பெண், ஓவியக் கல்லூரிக்குத்தான் போவேன் என்கிறாள். "வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை, படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்ற தகப்பன் கேட்கவேண்டிய கேள்விதான்.

முதலில் நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு பக்கத்தில் உங்கள் கையை வரைந்திருக்கிறாள். கடையில் பொட்டலம் கட்டிச் சணலைச் சுற்றும் கை. அதே கை ஏழு தடவை இருக்கிறது. முதல் மூன்றில் கட்டைவிரல் சரியாக வரவில்லை, அடித்துவிட்டிருக்கிறாள். ஐந்தாவதில் விரல் வந்துவிட்டது, சணல் தொய்ந்துவிட்டது. ஏழாவதில் சணலின் இறுக்கம் வரை தெரிகிறது. படிப்பு ஆலோசனை சொல்லும் இத்தனை வருடத்தில் அழகான படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். சரியாக வரும்வரை விடாமல் திரும்ப வரைந்த பக்கத்தை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். இந்தத் துறையில் நிலைப்பவர்களிடம் நான் கண்ட பொதுக் குணம் இதுதான்.

சரி, சோற்றுக்கு வருவோம். இஞ்சினியரிங் முடித்தால் ஒரு நியமன ஆணை, மாதம் ஒரு சம்பளம். ஓவியருக்கு அப்படி ஒரே இடத்திலிருந்து பணம் வருவது குறைவு. ஆகவே "என்ன வேலை கிடைக்கும்?" என்பதைவிட, "ஒரு வருடத்தில் எங்கெங்கிருந்து வருமானம் வரும்?" என்று கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்.

இது இன்று வந்த நிலைமையும் இல்லை. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த 30க்கும் மேற்பட்ட கலைஞர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பணத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். ஒரு வேளை கைத்தொழில், மறுவேளை சொந்த ஓவியம். ஓவியர் ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்கள் இன்றும் பேசப்படுகின்றன. அவர் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். பத்திரிகைகளுக்குப் படம் போட்டார், புத்தக அட்டைகள் செய்தார். அவற்றால் அவருடைய ஓவியம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இன்றைக்கு அந்தத் துணைத் தொழில்கள் மாறியிருக்கின்றன. அனிமேஷன், வீடியோ கேம் நிறுவனங்களில் பாத்திரங்களையும் இடங்களையும் முதலில் வரைந்து காட்டும் கான்செப்ட் ஆர்ட், சினிமாக் காட்சிகளைப் படப்பிடிப்புக்கு முன்பே வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டு, குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம், துணி வடிவமைப்பு, பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் வேலை. அப்புறம் சுவரோவியம். 2020இல் சென்னைக் கண்ணகி நகர் குடியிருப்புகளின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. முடிந்தால் மகளோடு நேரில் போய்ப் பாருங்கள்.

என்னிடம் ஆலோசனை கேட்டுப் படித்த ஒரு பெண் இப்போது இந்த வேலையில் இருக்கிறாள். ஒரு நாள் அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போயிருந்தேன். காலை ஆறு மணி. வெயில் ஏறுவதற்குள் மேல்பகுதியை முடிக்கவேண்டும் என்று சாரத்தில் நின்றாள். வெள்ளை ப்ரைமர் அடித்த சுவர் முழுக்கக் குழந்தை கிறுக்கியதுபோல் வட்டம், பெருக்கல் குறி, எழுத்து. கேட்டால், அதுதான் அளவாம். அந்தக் கிறுக்கலைப் போனில் படமெடுத்து, அதன்மேல் தன் ஓவியத்தை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். முகத்தின் மூக்கு எந்தக் கிறுக்கல்மேல் விழுகிறதோ, சுவரில் அங்கே மூக்கு. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறாள். பெயின்ட், சாரம், உதவியாளர் சம்பளம் எல்லாவற்றையும் எஸ்டிமேட்டில் தனித்தனியாக எழுதுகிறாள். சுவர் வேலை இல்லாத மழை மாதங்களில் வீட்டில் உட்கார்ந்து சொந்த ஓவியம் வரைகிறாள்.

அந்த எஸ்டிமேட் பழக்கம் அடிபட்டு வந்தது. முதல் வருடம் ஒரு உணவு விடுதிக்கு வாய்ப்பேச்சிலேயே வரைந்து கொடுத்தாள். பாதிப் பணம் வரவே இல்லை. அதனால் சொல்கிறேன், உங்கள் கடையில் கடன் நோட்டு எழுதும் கறாரை மகளுக்கும் கற்றுக்கொடுங்கள். ஓவியக் கல்லூரிகளில் இதைப் போதிய அளவு சொல்லித்தருவதில்லை என்பது என் மனக்குறை. காசு கொடுத்து ஒருவர் ஓவியம் வரையச் சொன்னால், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, அதன் பதிப்புரிமை காசு கொடுத்தவருக்கே போகும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அதே சட்டம், படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையைக் கலைஞரிடமே விடுகிறது. டெல்லி விக்யான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டதற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் அரசாங்கத்தின்மீதே வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தை அவரிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது.

ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து விற்றுத்தரும் கேலரிகளின் வழியாக வரும் பணத்தை முதல் ஐந்தாறு வருடம் கணக்கில் சேர்க்காதீர்கள். விற்றாலும் விலையில் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி வரை கேலரிக்குப் போகும். ஆனால் வழிகள் திறந்துதான் இருக்கின்றன. மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் உதவித்தொகைகள் உண்டு. கலைஞர்களை வரவழைத்துத் தங்கவைத்து வேலை செய்யவிடும் ரெசிடென்சிகள் உண்டு. 2012இல் தொடங்கிய கொச்சி பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியோடு மாணவர்களுக்கென்றே ஒரு தனிக் கண்காட்சியும் நடக்கிறது. அந்தப் பியனாலேயில் 2014இல் இடம்பெற்ற பெனிதா பெர்சியாள் திருவண்ணாமலைப் பெண், சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். சாம்பிராணி, மரப்பட்டைத் தூள், வாசனைப் பொருட்கள் கொண்டு சிலைகள் செய்தார். உங்கள் மளிகைக் கடையைப் பார்த்து வளர்ந்த மகளுக்கு அந்த வாசனையெல்லாம் புதிதா என்ன!

எங்கே சேர்ப்பது? 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியைத்தான் முதலில் சொல்வேன். கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. இளங்கலை நான்கு வருடம், நுழைவுத் தேர்வு உண்டு, கட்டணம் குறைவு. லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்க்கவேண்டாம். படித்து முடித்ததும் மாதத் தவணை கட்டவேண்டிய பிள்ளையால் சொந்த ஓவியத்துக்கு நேரம் ஒதுக்கவே முடியாது. வண்ண ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, துணி, பீங்கான், காட்சித் தொடர்பு வடிவமைப்பு எனப் பிரிவுகள் உள்ளன. வருமானத்துக்குப் பயந்து அவளுக்குப் பிடிக்காத பிரிவில் தள்ளிவிடாதீர்கள்.

படிப்பு முடிந்தபின் மூன்று வருடம் அவளிடம் வீட்டுச் செலவுக்குப் பணம் எதிர்பார்க்காமல் இருக்க முடியுமா? இதை மட்டும் நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். முடியாது என்றாலும் குற்றமில்லை. அப்போது வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்து, வேலைக்குப் போய்க்கொண்டே வரையும் வழியை யோசிக்கலாம்.

அடுத்த மாதம் சரக்கு எடுக்கச் சென்னை வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மகளையும் கூட்டிவாருங்கள். காலையில் கல்லூரியைப் பார்த்துவிட்டு, மதியம் சோழமண்டலத்து அருங்காட்சியகத்துக்குப் போகலாம், நானும் வருகிறேன். அந்த நோட்டை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏழாவது கையை நான் நேரில் பார்க்கவேண்டும்.