எது கொடுத்தாலும் 'எதுக்குடி இதெல்லாம்' என்கிற அத்தைக்கு என்ன வாங்குவது?

சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் அப்பாவின் அக்காவுக்கு வருகிற ஆவணியில் 80 வயது முடிகிறது. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், மாயவரத்தில் தனியாக இருக்கிறார். எதை வாங்கிக்கொண்டு போனாலும் 'எதுக்குடி இதெல்லாம், காசைக் கரியாக்கிட்டு' என்பார். போன வருஷம் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன். 'இதுக்கு ஜாக்கெட் தைக்க யாரு அலையறது' என்று பீரோவில் வைத்தவர், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மகள் கல்யாணத்துக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அண்ணன் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. பழைய ஹெச்.எம்.டி. நின்றுபோனதிலிருந்து கையில் வாட்சே கட்டுவதில்லை. காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார், சாயங்காலம் ஆனால் டிவி கூடப் போடாமல் சும்மா உட்கார்ந்திருப்பார். முழங்கால் வலிக்கு மசாஜர் வாங்கலாமா என்று பார்க்கிறேன். 5,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். என்ன வாங்கலாம்?"

மசாஜர் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பது என் தொழில், பெரியவர்களின் கட்டிலுக்கு அடியில் என்னென்ன இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். கால் மசாஜர், அகுபிரஷர் செருப்பு, ஒத்தட பெல்ட், எல்லாம் தெர்மோகோல் கூடக் கலையாமல் அட்டைப்பெட்டியோடு. தூசி படிந்து கிடந்தால் கூடப் பரவாயில்லை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தருகிற கருவி ஆபத்து, தோல் வெந்து கொப்பளித்த பிறகுதான் அவர்களுக்கே தெரியவரும். காலில் ரத்தக்கட்டி இருந்தால் மசாஜர் பக்கமே போகக் கூடாது, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த மின் கருவியையும் உடம்பில் வைக்கக் கூடாது. முழங்காலை ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அதைப் பரிசுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அத்தை எதிலும் திருப்தி இல்லாதவர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு பொருளோடும் கூடவே ஒரு வேலை வந்து சேர்கிறது, அதைத்தான் அவர் வேண்டாம் என்கிறார். பட்டுப்புடவை என்றால் ஃபால்ஸ் அடிக்க வேண்டும், ஓரம் அடிக்க வேண்டும், ஜாக்கெட் துணியோடு தையல்காரரிடம் இரண்டு நடை நடக்க வேண்டும், கட்டின பிறகு அதைத் துவைக்கவும் முடியாது. ஸ்மார்ட் வாட்ச் என்றால் தினம் சார்ஜ் போட வேண்டும், அதற்கு ஒரு போன், அந்தப் போனுக்கு ஒரு ஆப், அது ஏதாவது கேட்டால் ஊரிலிருந்து யாராவது வந்து சரி செய்ய வேண்டும். தனியாக இருக்கிற 80 வயதுக்காரர் தன் ஒரு நாளை யார் தயவும் இல்லாமல் ஓட்டுவதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருப்பார். அதைக் கலைக்கிற எதற்கும் வீட்டில் இடம் கிடைக்காது. ஆகவே புதிதாக ஒன்றைக் கொண்டுபோய் நுழைப்பதை விட, அவர் ஏற்கெனவே செய்கிற காரியம் எங்கே இடறுகிறது என்று பார்ப்பதுதான் வழி. அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

காலையில் வரி விடாமல் படிக்கிறவர் சாயங்காலம் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறார்? திண்ணையில் இருக்கிற வெளிச்சம் கூடத்தில் இல்லாததுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சள் பூக்கிறது, 60 வயதிலேயே ஒருவருக்குப் படிக்க 20 வயதுக்காரரைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டியிருக்கும், 80 என்றால் கேட்கவே வேண்டாம். நம் வீடுகளில் டியூப்லைட் சுவரின் உச்சியில் இருக்கும், நாற்காலி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும், பேப்பரை விரித்தால் படிப்பவரின் நிழலே அதன் மேல் விழும். இதற்கு ஆயிரம் ரூபாய்க்குள் தீர்வு இருக்கிறது: கழுத்தை வளைக்கக் கூடிய ஒரு எல்.இ.டி. டேபிள் லேம்ப். வாங்கும்போது பல்பு நேராகக் கண்ணில் படாதபடி மூடி இருக்கிறதா, அடிப்பாகம் கனமாக இருக்கிறதா என்று பாருங்கள், தொட்டால் எரிகிற ரகம் வேண்டாம், 'டக்'கென்று அழுத்துகிற பெரிய சுவிட்ச் வேண்டும். போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவர் உட்காருகிற நாற்காலிக்குப் பக்கத்தில், தோளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தாளில் விழுகிற மாதிரி நீங்களே வைத்து, ஒயரைச் சுவரோரமாகக் கொண்டுபோய் ஆணியடித்துவிட்டு வாருங்கள். நடைபாதையில் குறுக்கே கிடக்கிற ஒயரில் தடுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பிளக் பாயின்ட் இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக் கொடுங்கள், அதுவும் பரிசில் அடக்கம்.

லேம்ப் வாங்குவதற்கு முன் ஒன்று விசாரித்துவிடுங்கள், கடைசியாக எப்போது கண் காட்டினார்? கண்புரை முற்றியிருந்தால் எந்த விளக்கும் உதவாது, அதிக வெளிச்சம் கூசவும் செய்யும்.

அடுத்தது வாட்ச். அந்தக் காலத்து டீச்சர், பழைய ஹெச்.எம்.டி. என்றால் அநேகமாகச் சாவி கொடுக்கிற ரகமாக இருக்கும். ஹெச்.எம்.டி. 1961-இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது, முதல் சம்பளத்தில் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்ட தலைமுறை இவர்களுடையது. அந்த வாட்ச் பிரிவை மூட 2016-இல் முடிவானது, அதனால் கம்பெனி சர்வீஸ் என்று தேடி அலைய வேண்டாம். ஆனால் ஊரில் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பழைய வாட்ச் மெக்கானிக் ஒருவர் நிச்சயம் இருப்பார். பெரும்பாலும் உள்ளே எண்ணெய் காய்ந்து அழுக்கு சேர்ந்திருக்கும், பிரித்துத் துடைத்து ஆயில் போட்டால் ஓட ஆரம்பித்துவிடும். "டயலை மாற்றாதீர்கள், பாலிஷ் போடாதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். புதுசு மாதிரி பளபளவென்று திரும்பி வந்தால், அத்தைக்கு அது யாருடையதோ மாதிரி இருக்கும். பிசியோதெரபிஸ்ட்டாக ஒரு எச்சரிக்கையும் உண்டு. சாவி கொடுக்க, வாட்சின் ஓரத்தில் இருக்கிற சின்னத் திருகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடித்துத் திருக வேண்டும், கட்டைவிரல் அடியில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான அசைவு. அவர் தண்ணீர் பாட்டில் மூடியை எப்படித் திறக்கிறார் என்று கவனியுங்கள். உள்ளங்கையால் அமுக்கித் திறந்தாலோ, பல்லால் கடித்தாலோ, தினம் சாவி கொடுப்பது அவரால் ஆகாது. வேலைக்கு வருகிற அம்மாவிடம் சொல்லி வைக்கலாம், அல்லது வாட்ச் நின்றதற்கு அவரால் சாவி கொடுக்க முடியாததேகூடக் காரணமாக இருக்கலாம் என்று புரிந்துகொண்டு விட்டுவிடலாம்.

புடவையையும் விட வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பட்டு ஒன்று சாதாரணமாகவே அரைக் கிலோவைத் தாண்டும், ஜரிகை கூடினால் இன்னும் கனம், அதைத் தோளில் சுமந்துகொண்டு கல்யாணத்துக்குப் போகிற வயதா அவருக்கு? மதுரை சுங்குடி மாதிரி மெல்லிய பருத்தியில் ஒன்று எடுங்கள். எடுத்துக் கடைப் பையோடு நீட்டாதீர்கள். ஃபால்ஸ் அடித்து, ஓரம் தைத்து, கஞ்சி விறைப்புப் போக ஒரு தடவை தண்ணீரில் அலசிக் காயவைத்து, மடித்துக் கொண்டுபோங்கள். ஜாக்கெட்டுக்கு அத்தையின் அளவு ஜாக்கெட் ஒன்றை யாரையாவது விட்டு எடுத்து வரச் சொல்லி, தையல்காரரிடம் அக்குளில் அரை இஞ்ச் தாராளமாகவும், கை கொஞ்சம் தளர்வாகவும், ஹூக்குக்குப் பதிலாகப் பெரிய பிரஸ் பட்டனும் வைக்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களில் நிறையப் பேருக்குத் தோள் இறுகிக்கொள்ளும், இறுக்கமான ஜாக்கெட்டுக்குள் கையை நுழைப்பதற்குள் காலைப் பொழுது முடிந்துவிடும். ஒன்றுக்கு மூன்றாகத் தைத்துவிடுங்கள், வெள்ளை, மெரூன், ஒரு கறுப்பு, எந்தப் புடவைக்கும் ஆகும். நிறம் மட்டும் முன்பே கேட்டுவிடுவது நல்லது, சிலர் கறுப்பைத் தொடவே மாட்டார்கள்.

வேலைக்காரம்மாவின் மகள் கல்யாணத்துக்குப் புடவையைக் கொடுத்ததை நீங்கள் ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. அவர் கொடுக்கிற இடத்தில் இருந்தே பழகினவர், டீச்சர் வேறு. வயதானால் எல்லோரும் வந்து எதையாவது கையில் திணித்துவிட்டுப் போகிறார்கள், தாம் எடுத்துக் கொடுக்க ஒன்றும் இருப்பதில்லை. பேங்க்கில் கேட்டு 50 ரூபாய், 100 ரூபாய் புது நோட்டாக ஒரு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வாங்கி ஒரு கவரில் போட்டு, "அத்தை, காலில் விழுகிற பசங்களுக்குக் கொடுக்க வச்சுக்கோங்க" என்று கொடுத்துப் பாருங்கள். பணமாகக் கொடுத்தால் வாங்காதவர்கள் கூட இதை வாங்கி உடனே பீரோ லாக்கரில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கவே கூடாதவை சில. காது மெஷினைச் சர்ப்ரைஸாகக் கொடுக்காதீர்கள், கேட்கும் திறனைச் சோதித்து அந்தக் காதுக்கு ஏற்றபடி அமைத்தால்தான் அது பயன்படும், இல்லாவிட்டால் கரகரவென்று சத்தம்தான். கைத்தடி, வாக்கர், கமோட் நாற்காலி எல்லாம் தேவையான பொருள்கள்தான், ஆனால் அவரைக் கேட்டுப் பேசி வாங்க வேண்டியவை, பிறந்தநாள் காகிதத்தில் சுற்றக் கூடியவை இல்லை. பவானி ஜமக்காளம் அழகுதான், டைல்ஸ் தரையில் வழுக்கும். வீட்டுக்குள் போட்டுக்கொள்ள எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு, நல்ல யோசனை, பின்னால் வார் உள்ளதாக எடுங்கள், அளவைச் சாயங்காலம் எடுங்கள், நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அதுதான்.

கொடுக்கிற விதமும் முக்கியம். எல்லோரும் கூடியிருக்கும்போது பிரிக்கச் சொல்லி போட்டோ எடுத்தால் அவர் "எதுக்குடி" என்றுதான் சொல்வார், அது அவர் பழக்கம், சபையில் உடனே சந்தோஷப்படுவதை அந்தத் தலைமுறை கொஞ்சம் லஜ்ஜையாக நினைக்கும். விலைச்சீட்டைக் கிழித்துவிடுங்கள். "உங்க வயசுக்கு இது நல்லது" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். விழாவுக்கு முந்தின நாளே போய் லேம்ப்பை மாட்டிவிடுங்கள், அதைப் பற்றிப் பெரிதாகப் பேசாமல் காபி குடித்துவிட்டு வேறு கதை பேசுங்கள்.

5,000 ரூபாயில் எல்லாமே ஓரளவு அடங்கும். ஒன்றுதான் முடியும் என்றால் லேம்ப்பை எடுங்கள், பில்லை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், வாரன்டிக்கு அலைகிற வேலையும் அவருக்கு வேண்டாம்.